ஆபரேஷன் டேபிள் பக்கத்தில் நிற்கப் பழகும் நர்ஸ் மகளுக்கு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தியேட்டரில் பி.ஜி. (மேற்படிப்பு) டாக்டரின் கை கருவி டிராலி ஓரத்துக்குக் கீழே பட்டதை நீ சொன்னதும், அவர் எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். இனிமேல் பார்த்தாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய். அதை மட்டும் செய்யாதே, கண்ணு.

நீ சொன்னது சரி. துணி போர்த்திய டிராலியில் மேல்பரப்பு மட்டும்தான் ஸ்டெரைல், அதாவது கிருமி இல்லாதது. ஓரத்துக்குக் கீழே தொங்குவது சேராது. போட்டிருக்கும் கவுனும் அப்படித்தான்: முன்பக்கம் நெஞ்சிலிருந்து டேபிள் மட்டம் வரை, கையில் முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேல் வரை. முதுகும் அக்குளும் கணக்கில் இல்லை. இது சீஃப் டாக்டருக்கும் ஒன்றுதான், முதல் வருஷப் பெண்ணுக்கும் ஒன்றுதான். கிளவுஸ் மாற்ற ஒரு நிமிஷம் போதும். தையலில் சீழ் வைத்து வாரக்கணக்கில் வார்டில் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கை கழுவுவதும் கவுன் மாட்டுவதுமே பாடமாக ஓடுகிறது என்று போன மாதம் சலித்துக்கொண்டாய். விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை தேய்ப்பது, கையை உயர்த்தியே வைத்துத் தண்ணீரை முழங்கை வழியாக வடியவிடுவது, வெறும் விரல் வெளியே தெரியாமல் கிளவுஸ் போடுவது, இதெல்லாம் யோசிக்காமல் வர வேண்டும். அப்போதுதான் உன் கண் அடுத்தவர் கையையும் பார்க்கும். நேற்று பார்த்தது. அந்த அளவுக்கு நீ பழகிவிட்டாய் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஒரு விஷயம் சொல்கிறேன். 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரித் தியேட்டரில் கரோலின் ஹாம்ப்டன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். அந்தக் காலத்தில் கை கழுவப் பாதரசக் கரைசல் வைத்திருந்தார்கள். அது தன் கைத்தோலைப் புண்ணாக்குகிறது என்று அவர் சர்ஜன் ஹால்ஸ்டெடிடம் வாய்விட்டுச் சொன்னார். ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனியிடம் மெல்லிய ரப்பர் கிளவுஸ் செய்துதரச் சொன்னார். அவர்கள் தியேட்டருக்குள் கிளவுஸ் வந்தது முதலில் அந்தக் கைகளுக்காகத்தான். நோயாளிக்கும் அது நல்லது என்று பிறகுதான் புரிந்துகொண்டார்கள். தியேட்டர் சிஸ்டராகவே வேலை பார்த்து ரிட்டயர் ஆன எனக்கு, இதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

உன்னை நான் விடாமல் பேசச் சொல்வதற்குக் காரணம் எண்ணிக்கை. ரத்தம் ஒற்றும் துணியான மாப், ஊசி, கருவி எல்லாவற்றையும் கீறுவதற்கு முன்னால் எண்ணுவாய், வயிற்றை மூடுவதற்கு முன்னால் எண்ணுவாய், தோல் தைக்கும்போது மறுபடியும் எண்ணுவாய். ரத்தத்தில் ஊறிய மாப் குடலோடு குடலாக ஒட்டிக் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியட்டும் என்றுதான் அதில் ஒரு கோடு வைத்து நெய்கிறார்கள். ஒரு நாள் ஒன்று குறையும். டாக்டர் களைத்துப்போயிருப்பார், அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கும். "சார், ஒரு மாப் குறையுது, மூடாதீங்க" என்று நீ சொல்லியே ஆக வேண்டும். டிராலி ஓரத்துக்கே வாயை மூடிக்கொண்டவளுக்கு அன்றைக்குக் குரல் எங்கிருந்து வரும்?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் உங்கள் தியேட்டர் சுவரிலும் ஒட்டியிருக்கும். கீறுவதற்கு முன்னால் எல்லாரும் பேரும் வேலையும் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதைச் சடங்காக நினைக்காதே. ஆரம்பத்திலேயே ஒருமுறை வாய் திறந்தவருக்கு அப்புறம் பேசத் தயக்கம் குறையும். டெல்லி உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. "நீங்க தொட்டுட்டீங்க" என்று ஆரம்பிக்காதே. "சார், வலது கிளவுஸ் அன்ஸ்டெரைல், மாத்திடலாம்" என்று மட்டும் சொல். சொல்லும்போதே புதுக் கிளவுஸுக்குக் கேட்டுவிடு. சத்தம் வேண்டாம், தெளிவு போதும். அதற்கும் கத்தினால் கத்தட்டும், பதில் பேசாதே. அன்றைக்கே இன்சார்ஜ் சிஸ்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடு.

கருவிப் பெயர்களில் ஆலிஸ், பாப்காக் என்ற இரண்டு இடுக்கிகளும் குழம்புகிறது என்றாய். நுனியைப் பார். ஆலிஸுக்குப் பல் உண்டு. பாப்காக்குக்குப் பல் கிடையாது, அதனால்தான் குடலை அதால் பிடிக்கிறார்கள். பிளேடை மட்டும் கையில் கொடுக்காதே, கிட்னி டிரேயில் வைத்து நீட்டு.

சாப்பிடாமல் டியூட்டிக்குப் போகாதே. தலை சுற்றினால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு, டேபிளை விட்டுப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள். அத்தை ஞாயிற்றுக்கிழமை சென்னை வருகிறாள், பருப்புப் பொடி கொடுத்துவிடுகிறேன். வேறு என்ன வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா