வண்டியில் இருக்கும் புடவை விற்றதா?

அன்புள்ள ரகு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டாதே. முட்டி வலி அப்படியேதான், சுமதி நலம், பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதால் வீட்டில் எல்லாருக்கும் கடி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஆன்லைன் புடவைக் கம்பெனியில் கணக்குப் பார்க்கப் போகிறேன் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாயே, சிரித்தது சரிதான். நேற்று முதலாளிப் பையனோடு பெரிய வாக்குவாதம். பையன் நல்லவன், அங்கிள் அங்கிள் என்று உயிரை விடுவான். அதனாலேயே சண்டை போடவும் வரவில்லை.

முதலீட்டாளர்களுக்கு அனுப்ப, இந்த வருட வருமானம் 62 கோடி என்று ஒரு காகிதம் தயார் செய்திருக்கிறான். அதில் எங்கள் சொந்தச் சரக்கு 14 கோடிதான். மீதி 48 கோடியும் நெசவாளர்களும் கடைக்காரர்களும் எங்கள் தளத்தில் போட்டு விற்றது. விலை வைப்பது அவர்கள், விற்காமல் கிடந்தால் நஷ்டம் அவர்களுக்கு, சாயம் போனால் மாற்றித் தருவதும் அவர்களே. எங்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து. அதாவது 7 கோடி 20 லட்சம். ஆக மொத்தம் 21 கோடி சொச்சம்.

“பணம் பூரா நம்ம அக்கவுண்டுக்குத்தானே வருது அங்கிள்?” என்றான். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் கையிலும்தான் எல்லாப் பணமும் வருகிறது தம்பி என்றேன். அமேசானைக் காட்டினான். அமேசானே வெளி விற்பனையாளர் சரக்குக்குத் தன் கட்டணத்தை மட்டும்தான் வருமானமாக எழுதுகிறது. குரூப்பான் என்ற அமெரிக்கத் தள்ளுபடிக் கூப்பன் கம்பெனியின் கதையையும் சொன்னேன். கூப்பனுக்கு மக்கள் கொடுத்த முழுப் பணத்தையும், கடைக்காரர் பங்கையும் சேர்த்து, தன் வருமானம் என்று எழுதிவந்தார்கள். 2011இல் பங்கு வெளியிடப் போன நேரத்தில், 2010ஆம் வருடத்துக் கணக்கை 71.3 கோடி டாலரிலிருந்து 31.3 கோடிக்கு இறக்க வேண்டியதாயிற்று. பையன் முகம் வாடியது. ஒரு நிமிடம்தான். “ஆனா பங்கு வித்துட்டாங்கல்ல?” என்றான். இதற்கு நான் என்ன சொல்ல!

எங்கள் கம்பெனிக்கு நிகர மதிப்பு 250 கோடியும் இல்லை, பங்குச்சந்தையிலும் இல்லை. அதனால் வருமானத்தை எப்படி எழுதுவது என்று 2018இல் வந்த புதுக் கணக்கு விதி, இண்ட் ஏஎஸ் 115, எங்களைக் கட்டாது. தம்புச்செட்டித் தெரு மாடியில் நாம் உருப்போட்ட அதே பழைய வருமான விதி, ஏஎஸ் 9தான். 1985இல் எழுதியது, நாம் சேர்ந்தபோது மை காயவில்லை. ஏஜென்சி என்றால் கமிஷன்தான் வருமானம் என்று அதிலேயே பளிச்சென்று இருக்கிறது. பின்னிணைப்பில் இன்னொன்றும் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி. பார்சலை நினைத்து நாம் படித்தது. கேஷ் ஆன் டெலிவரியில் பணம் விற்றவர் கைக்கோ அவருடைய ஆள் கைக்கோ வரும்வரை வருமானம் எழுதக் கூடாது.

அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இங்கே கோடவுன் வாசலைப் பார்சல் தாண்டினாலே விற்பனை ஏறிவிடும். போன வருடம் மார்ச் கடைசி வாரம் எங்கள் சொந்தச் சரக்கில் 1,900 பெட்டி கிளம்பியது, கிட்டத்தட்ட எல்லாமே கேஷ் ஆன் டெலிவரி. சுமார் 38 லட்சம். கணக்கு வருடம் முடியும் மார்ச் 31 இரவு அத்தனையும் வண்டியில் இருந்தது. ஏப்ரலில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்தது. வீடு பூட்டியிருக்கிறது, நான் ஆர்டரே பண்ணவில்லை, போனில் வேறு கலராகத் தெரிந்தது. மே மாதம் எனக்கு இது கண்ணில் பட்டது ரகு. கணக்கு அப்போது கையெழுத்தாகவில்லை. சின்னத் தொகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். நமக்குத் தொழில் சொல்லித்தந்த சீனியர் இருந்திருந்தால் பச்சை மையில் வட்டம் போட்டு லெட்ஜரை ஜன்னல் வழியாக வீசியிருப்பார். பஜ்ஜி வவுச்சருக்கே வீசிய மனுஷன்.

இந்த வருடம் 62 கோடியை நான் எதிர்த்தபோது பையன் அமைதியாகக் கேட்டான், “போன வருஷம் ஒண்ணும் சொல்லலியே அங்கிள்?” அவனுக்குப் பெட்டி விவகாரம் தெரியாது, பொதுவாகத்தான் கேட்டான். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது.

அப்புறம் செலவுப் பக்கம். போன் விளம்பரத்துக்குக் கொட்டிய பணத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்து எழுதலாமாம், வாடிக்கையாளர் நிலைத்து நிற்பாராம். ஏஓஎல் என்ற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி அப்படித்தான் சந்தாதாரர் பிடித்த செலவைச் சொத்தாக அடுக்கி வைத்து, 1996இல் 38.5 கோடி டாலரை ஒரேயடியாகத் தள்ளியது. கூரியர் கட்டணத்தையும் கையிருப்புச் சரக்கின் விலையில் ஏற்றப் பார்க்கிறான். உள்ளே வரும் லாரி வாடகை சேரும், வெளியே போகும் கூரியர் சேராது என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். அதையெல்லாம் சமாளித்துவிடலாம்.

திங்கட்கிழமை ஆடிட்டர் வருகிறார். போன வருடத்து 38 லட்சத்தை முந்தைய காலப் பிழை என்று தனி வரியில் காட்ட ஒரு என்ட்ரி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். காட்டினால், மே மாதமே தெரியுமா என்று கேட்பார்கள். ஞாயிறு இரவு ஒன்பதுக்கு மேல், பேரன் தூங்கினதும், கூப்பிடு. என் பழைய ஏஎஸ் புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது, முந்தைய காலப் பிழையைச் சொல்லும் ஏஎஸ் 5 பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசு.

உன்,
சேது