செயலாளர் ஆண்டறிக்கை: போலி ஆயுத விளையாட்டு பற்றி எமது கழகம் எடுத்த தீர்மானம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்திலிருந்து இன்று வரை கழகம் செய்த வேலைகளைச் சபையின் முன் வைக்கிறேன். உதைபந்தாட்ட அணி வழக்கம்போலப் பிரதேச மட்டப் போட்டிகளில் ஆடியது. மாரி தொடங்குமுன் மைதானத்து வடிகாலைச் சிரமதானம் செய்து துப்புரவாக்கினோம். சாதாரண தர மாணவருக்கான மாலை வகுப்பு இடைவிடாமல் நடந்தது. சம்பளம் வாங்காமல் படிப்பித்த ஆசிரியர்களுக்குக் கழகம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இவற்றை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆண்டு நிர்வாகசபையின் நேரத்தில் பெரும்பகுதி வேறொரு விடயத்துக்குப் போனது. அதைப் பற்றி உங்களில் பலர் அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஓகஸ்ட் விடுமுறையில் கழகத்தின் பழைய அங்கத்தவர்கள் சிலர் குடும்பத்தோடு லண்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கே எயார்சொப்ட், அதாவது போலித் துப்பாக்கியால் பிளாஸ்ரிக் உருண்டை சுட்டு ஆடும் ஆட்டம், விளையாடுகிறவர்கள். அந்த விளையாட்டை இங்கேயும் தொடங்கலாம், நிலாவெளிப் பக்கத்துப் பற்றைக்காடு அதற்கு நல்ல இடம், கருவிகளைத் தாங்களே வாங்கித் தருகிறோம் என்று எழுத்தில் ஒரு யோசனை தந்தார்கள். துப்பாக்கிகள் மட்டுமல்ல, கைக்குண்டு, குண்டு ஏவும் லோஞ்சர், எறிகணை வீசும் மோட்டார் ஆகியவற்றின் போலிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. எங்கள் இளைஞர்களுக்கு ஆர்வம் பொங்கியது. நல்ல மனதோடு வந்த யோசனை அது. ஆகவே உடனே தட்டிக்கழிக்காமல், என்ன ஏது என்று முழுமையாக அறிந்த பிறகே முடிவெடுப்பது என்று நிர்வாகசபை தீர்மானித்தது.

அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். எயார்சொப்ட் 1970களில் யப்பானில் தொடங்கிய விளையாட்டு. அங்கே உண்மையான துப்பாக்கி வைத்திருப்பது மிகக் கடினம். அதனால் உருவத்தில் அதே மாதிரி, ஆனால் 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் உருண்டையைச் சுடுகிற போலிகள் வந்தன. ஓர் உருண்டையின் நிறை பெரும்பாலும் 0.20 கிராம்தான். யப்பானியச் சட்டம் அதன் சக்தியை ஒரு யூலுக்குச் சற்றுக் கீழே, 0.98 அளவில் நிறுத்துகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த உருண்டை வினாடிக்கு 99 மீற்றர் வேகத்தில் வரும். தோலில் பட்டால் சுள்ளென்று வலித்துச் சிவக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் பார்வை போய்விடலாம். ஆகவே கண்காப்பு இல்லாமல் யாரும் ஆடுகளத்துக்குள் கால் வைப்பதில்லை.

லோஞ்சருக்கான குண்டு 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உலோகக் கூடு. அதன் உள்ளறையில் வாயுவை அடைக்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, சிலிக்கன் எண்ணெய் கொஞ்சம் கலந்த புரோபேன். முன்பக்கத் துளைகளில் உருண்டைகளை வரிசையாக நிரப்புகிறார்கள். விசையை அழுத்தினால் ஊசி வால்வைத் தட்டும், வாயு முழுவதும் ஒரேயடியாக வெளியேறும், உருண்டைகள் அத்தனையும் சிதறிப் பாயும். கைக்குண்டில் சில வகை இதே வால்வு வேலைதான்: தரையில் விழுந்ததும் வால்வு திறந்து உருண்டைகளைச் சிதறடிக்கும். இன்னொரு வகையில் 12 கிராம் காபனீரொட்சைட்டுக் குப்பி ஒன்று உள்ளே இருக்கும். முள்ளை இழுத்து எறிந்தால் வாயு வெளிக்கூட்டுக்குள் கசிந்து நிரம்பி, தாங்காத கட்டத்தில் கூடு பெரிய சத்தத்தோடு பிளக்கும். வெடிமருந்து கலந்த மூன்றாவது வகையும் உண்டு. மோட்டார் என்பது இரண்டு கால்களில் சாய்த்து நிறுத்திய ஒரு குழாய். வாய் வழியாகக் குண்டை உள்ளே விட்டால் அடியில் மோதி, அடைத்த வாயுவின் விசையில் மேலெழும்பிப் போகும். குண்டு பஞ்சு போன்ற மென்பொருளால் செய்ததாக இருக்கும், அல்லது தூளோ உலர்ந்த பட்டாணியோ நிரப்பியதாக இருக்கும். அது விழுந்த இடத்தைச் சுற்றிச் சில மீற்றருக்குள் நின்றவர்கள் ஆட்டமிழந்தார்கள் என்று நடுவர் அறிவிப்பார்.

இதில் கெட்டிக்காரத்தனமான பொறி வேலை இருக்கிறது என்பதை மனதாரச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளை ஈர்த்ததும் பெரும்பாலும் அதுதான். ஒரு வால்வு எப்படித் திறக்கிறது, வாயு எப்படித் தள்ளுகிறது என்று அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள்.

அடுத்தது சட்டம். ஐக்கிய இராச்சியத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் அச்சு அசலான போலித் துப்பாக்கி விற்பதைக் குற்றமாக்கியது. காப்புறுதி உள்ள ஆடுகளங்களில் ஆடுபவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. மற்றவர்கள் வாங்குவதென்றால் அது கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கவேண்டும். அமெரிக்காவில் குழல் நுனி செம்மஞ்சளாக இருக்கவேண்டும். இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன. அவற்றையும் சுங்கத்தையும் மறந்துவிட்டு ஒரு பெட்டியை லண்டனிலிருந்து இறக்க முடியாது. அப்புறம், இது திருகோணமலை. கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. தோளில் குழாயோடு பற்றைக்குள் பதுங்கி ஓடும் பையனைத் தூரத்தில் நின்று பார்க்கும் சிப்பாய் என்ன நினைப்பார்? பிள்ளைகளின் உயிரை அந்த ஒரு நொடி ஊகத்தில் ஒப்படைக்க நிர்வாகசபை ஆயத்தமாக இல்லை.

ஆனால் சட்டமும் காவலரணும் இல்லாத ஊராக இது இருந்திருந்தாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும். காரணம் எங்கள் மண்ணுக்குள் இருக்கிறது.

மோட்டார் குண்டு விழுந்தால் அதன் முனையில் உள்ள உருகி, அதாவது குண்டை வெடிக்கவைக்கும் பொறி, போதிய வேகத்தில் மோதினால்தான் வெடிக்கும். வயல் சேற்றிலோ குருமணலிலோ விழுந்தால், அல்லது உருகியில் பழுது இருந்தால், அப்படியே புதைந்து கிடக்கும். ஆண்டுக்கணக்கில் துருப்பிடிக்கும், நிறம் போகும், வால் இறக்கை மட்டும் மிஞ்சும். மாரி வெள்ளம் மண்ணை அரித்ததும் மேலே வரும். மூதூர் கிழக்கு, சம்பூர், குச்சவெளிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர் 2015, 2016 காலத்தில்தான் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் வேலி போடுவதற்கும் கிணறு இறைப்பதற்கும் முன்னால் கேட்ட கேள்வி, நிலத்துக்குள் என்ன கிடக்கிறது என்பதுதான். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நாட்டில் அகற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இத்தனை காலமும் பிள்ளைகளுக்கு நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: தெரியாத இரும்பைக் கண்டால் தொடாதே, கல்லால் எறியாதே, வந்த வழியே திரும்பிப் போ, பெரியவர்களிடம் சொல், 119க்கு அறிவி. சிந்தித்துச் செய்கிற காரியமாக இல்லாமல், கண்டவுடனே கால் தானாகப் பின்வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை தடவை சொன்னோம்.

இந்த விளையாட்டு கேட்பது அதற்கு நேர் எதிரான பழக்கத்தை. போலிக் குண்டுகள் விலை கூடியவை, மீண்டும் மீண்டும் பயன்படுத்துபவை. ஆட்டம் முடிந்ததும் பற்றைகளை விலக்கி, புல்லைத் தடவி, விழுந்த கூடுகளையும் வால் உள்ள குண்டுகளையும் தேடிப் பொறுக்கி வருவார்கள். அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். அப்படிப் பழகிய பையன் நாளைக்கு மாமா வீட்டு வளவில் வால் இறக்கையோடு ஒன்றைக் கண்டால் குனிவானா, பின்வாங்குவானா? இரவலாகப் போன போலி ஒன்று பற்றைக்குள் தவறிக் கிடந்து, அதைக் கண்ட ஆறு வயதுத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லோரும் சிரித்தால், அடுத்த முறை அவன் எதைக் கொண்டுவருவான்? நிர்வாகசபையில் யாரிடமும் இதற்குப் பதில் இருக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை விவாதம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

இளைஞர் பக்கத்து நியாயத்தையும் பதிய வேண்டும். நாங்கள் யுத்தத்தைக் காணாத பிள்ளைகள், அதன் பயத்தை எங்கள் தலையில் ஏன் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். கைபேசியில் இதே ஆயுதங்களோடுதானே ஊரெல்லாம் விளையாடுகிறது என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விகள், மரியாதையாகக் கேட்டார்கள். பயத்தைப் பற்றிய பேச்சல்ல இது என்றுதான் நாம் பதில் சொன்னோம். கைபேசிக்குள் கிடக்கும் குண்டு வளவுக்குள் கிடக்காது. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா, தன் தாயார் இன்றும் பட்டாசுச் சத்தத்துக்கு வீட்டுக்குள் ஓடுவதைச் சொன்னார். அதன் பிறகு பையன்களே வாதத்தைத் தளர்த்திக்கொண்டார்கள்.

ஆகவே, கழகத்தின் பெயரிலோ மைதானத்திலோ ஆயுதத்தின் உருவமுள்ள எந்தப் போலியும், அது துப்பாக்கியோ கைக்குண்டோ லோஞ்சரோ மோட்டாரோ, பயன்படுத்தப்படாது என்று நிர்வாகசபை ஏகமனதாகத் தீர்மானித்தது. இன்றைய பொதுச்சபையின் அங்கீகாரத்தை வேண்டி அதைச் சமர்ப்பிக்கிறேன்.

மறுத்துவிட்டுக் கைகட்டி நிற்பது சரியல்ல. வாயு எப்படித் தள்ளுகிறது என்ற கேள்வி அப்படியே இருந்தது. மாலை வகுப்பு விஞ்ஞான ஆசிரியர் தண்ணீர் ரொக்கெற் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். காஸ் சேர்ந்த சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் இறுக்கமான அடைப்பான், சைக்கிள் பம்பால் காற்று. திறந்ததும் தண்ணீர் பின்னே பீறிட, போத்தல் மேலே பாயும். தண்ணீரைக் கூட்டினால் இன்னும் மேலே போகும் என்றுதான் பிள்ளைகள் முதலில் நினைத்தார்கள். கூட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. காற்றுக்கு இடம் குறைந்தால் தள்ளும் சக்தியும் குறைகிறது, பாரமும் கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். பரீட்சைக்குப் பாடமாக்கிய நியூட்டனின் மூன்றாம் விதியை மைதானத்தில் தெப்பமாக நனைந்து படித்தார்கள். சாதாரணத் தண்ணீர்ப் போத்தல் அமுக்கத்தைத் தாங்காது, அதைப் பயன்படுத்தக்கூடாது. கண்காப்பு கட்டாயம். எல்லா ரொக்கெற்றுக்கும் மஞ்சளோ இளஞ்சிவப்போ பூசவேண்டும். இவை மூன்றும் பட்டறையின் விதிகள்.

ஓடிப் பதுங்கி ஆட ஆசைப்பட்டவர்களுக்குக் கிளித்தட்டும், கொடி பறிக்கும் ஆட்டமும் நடத்தினோம். பெண்பிள்ளைகள் கிளித்தட்டில் பையன்களை நன்றாகவே ஓடவைத்தார்கள்.

லண்டன் உறவுகளுக்குத் தீர்மானத்தையும் காரணத்தையும் எழுதினோம். அவர்கள் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அமுக்கமானி பொருத்திய கால்பம்பும், சிறுவர் அளவில் கண்காப்புகளும் கேட்பதாக இருக்கிறோம்.

வரும் ஆண்டில் மூதூர், குச்சவெளிப் பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துத் தண்ணீர் ரொக்கெற் போட்டி ஒன்றை மாரிக்கு முன் நடத்தும் யோசனை உண்டு. போட்டி நாளன்று காலையில் மிதிவெடி அபாயக் கல்வி வகுப்பு ஒன்றும் இருக்கவேண்டும் என்பது நிர்வாகசபையின் விருப்பம். அங்கத்தவர்கள் வீட்டில் சேரும் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்களை மூடியோடு கழகக் கொட்டகையில் ஒப்படைக்கவும். போட்டிக் குழுவில் வேலை செய்ய விரும்புபவர்கள், முக்கியமாகத் தாய்மார், கூட்டம் கலையுமுன் உதவிச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கவும்.

நன்றி.

செயலாளர்,
திருகோணமலை.