முருகைக்கல் மீன்களின் எல்லை மாற்றம்: நாரா நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்குளி, காக்கைத்தீவில் இயங்கும், இலங்கையின் நீர்வள ஆய்வு அமைப்பான நாரா நிறுவனத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். கடல் வெப்பமடைவதால் முருகைக்கல் (பவளப்பாறை) மீன்களின் வாழிட எல்லைகள் மாறிவருவதை நம் நாட்டில் எவ்வாறு பதிவுசெய்ய வேண்டும் என்பது குறித்து, முகத்துவாரத்தில் வசிக்கும் ஒருவன் என்ற முறையில் எழுதுகின்றேன்.

முருகைக்கல் மீன்களுட் பல, வளர்ந்தபின் தம் பாறையை விட்டு அதிகம் அகல்வதில்லை. நீரோட்டத்தில் மிதந்து செல்லும் அவற்றின் குடம்பிகளே (முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவ உயிர்களே) புதிய இடங்களை அடைகின்றன. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அவ்வாறு சிட்னி வரை செல்லும் குஞ்சுகள் குளிர்காலத்தில் மடிவது வழக்கம். இப்போது சில இனங்கள் அக்குளிர்காலத்தையும் தாண்டிப் பிழைக்கின்றன. யப்பானின் தென்பகுதியில், நீர் வெப்பமடைந்ததால், வெப்பநீரை விரும்பும் ஓரா மீன்கள் கடற்பாசிக் காடுகளை மேய்ந்து அழிக்கின்றன.

நம் நிலைமை வேறு. வங்காள விரிகுடாவும் அரபிக்கடலும் வடக்கே நிலத்தில் முடிந்துவிடுவதால், தம் வெப்பத் தாங்குதிறனின் விளிம்பிலேயே வாழும் இங்குள்ள மீன்கள் குளிர்ந்த நீரைத் தேடி வடக்கே வெகுதூரம் செல்ல வழியில்லை. ஆழத்துக்கு இறங்கலாம், ஆனால் வெளிச்சத்தை நம்பி வளரும் முருகையையே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு அதுவும் ஓரளவுக்குத்தான். 1998இல் இக்கடுவையிலும் கற்பிட்டியின் பார் ரீஃப்பிலும், 2016இல் மீண்டும் பார் ரீஃப்பிலும் கடல் சூடேறியதால் முருகைகள் நிறமிழந்து வெளிறியதைக் கண்ட நமக்கு இது ஏட்டுக் கணக்கன்று. ஆகவே, புதிதாக வந்த மீன்களை மட்டும் தேடினால் இங்கே நிகழ்வதன் பெரும்பகுதி நம் கண்ணில் படாது. எந்த மீன் எந்த ஆழத்துக்கு இறங்கியது, எங்கிருந்து மறைந்தது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

கலவாய், விளைமீன், கிளிமீன் எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் எடைபோட்டு எழுதும் கணக்கு இதற்கு உதவாது. இனம், ஆழம், பிடித்த இடம் ஆகிய மூன்றையும் இறங்குதுறையிலேயே குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பல கரைகளின் மீன்களும் ஒன்றாய்க் கலந்துவிடும் பேலியகொடைச் சந்தையில் அவ்விவரத்தைத் தேடுவது வீண்வேலை. படிவங்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். ஊருக்கு ஊர் மீன்பெயர் மாறுவதால் படங்களும் வேண்டும். அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகளையும் தவறாமல் கேளுங்கள், எந்த மீன் எத்தனை அடியில் நிற்கிறது என்பதைத் தொழிலால் அறிந்தவர்கள் அவர்களே. தேடியும் காணாத மீனைக் ‘காணவில்லை’ என்று எழுதுவதும் பதிவுதான் என்பதைப் படிவத்திலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
முகத்துவாரம் வாசி ஒருவன், கொழும்பு 15