மலைக்கு மைக் தூக்கிட்டு வர்றவங்களுக்கும், சென்னையில கதை பேசுறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

இன்னிக்கு எது பிரேக்கிங், எது வெறும் ஸ்க்ரோலு, இந்த வாரம் எந்த மருமகளுக்கு ஞாபகம் போகணும்னு சென்னையில உக்காந்து முடிவு பண்ற எல்லா சாருக்கும் மேடத்துக்கும் வணக்கமுங்க.

நான் நீலகிரி மலையில கோத்தகிரி பக்கம் ஒரு கேபிள் ஆபரேட்டர்கிட்ட கலெக்‌ஷன் பாக்குறேன், குரங்கு தொங்கி ஒயர் அறுந்தா போஸ்ட்ல ஏறி ஒட்டவும் செய்வேன், ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் போர்வைக்குள்ள போன வச்சுக்கிட்டு ஸ்கிரிப்ட் எழுதுவேன். மூணுலயும் பெருசா காசு இல்ல, அத விடுங்க. ஆனா இந்த வேலையில ஒரு வசதி, உங்க டிஆர்பி மீட்டர் பாக்காதத எல்லாம் நான் பாக்குறேன். நாட்டுல டிவி இருக்கற வீடு 20 கோடிக்கு மேல, டிஆர்பி கணக்கு எடுக்கற பார்க் (BARC) கவுன்சில் மீட்டர் வச்சிருக்கறது 50,000 சொச்சம் வீட்டுல, அது யார் வீடுன்னு வெளிய தெரியவும் கூடாது, வியாழக்கிழமை நம்பர் வந்தா உங்க ஆபீஸ்ல பாதி பேருக்கு ஜுரமாம். நான் மாசம் பொறந்தா வாசல்லயே நிக்கிறவன், அதனால வீட்டம்மா பாக்குறது டிவியவா அடுப்பவான்னு எனக்கு தெரியும். நெறைய வீட்ல டிவி ஓடுறதே வீட்டுக்குள்ள மனுச சத்தம் கேக்கணும்னுதான், புள்ளைங்க எல்லாம் திருப்பூரு கோயமுத்தூருன்னு போயிட்டாங்க, பெருசுங்க ரெண்டு பேரும் ஸ்வெட்டர், குல்லா போட்டுக்கிட்டு சீரியல்ல சண்ட போடுறவங்கள பாத்துக்கிட்டே தூங்கிருவாங்க. இதெல்லாம் உங்க நம்பர்ல "பார்வையாளர்"னு வருமா வராதான்னு நீங்கதான் சொல்லணும்.

நீங்க எங்க மலைய காட்டறதில்லைன்னு நான் சொல்ல வரல. காட்டிக்கிட்டேதான் இருக்கீங்க, வருசம் பூரா. இங்க ஆளுங்க குடியிருக்காங்கங்கறதுதான் உங்க கேமராவுக்கு இன்னும் தெரியல.

டிசம்பர் ஜனவரி வந்தா பாருங்க, தலைகுந்தாவுலயோ காந்தள்லயோ விடியக்காலைல ஒரு ரிப்போர்ட்டர் தம்பி பல்லு டைப் அடிக்க நின்னுக்கிட்டு, புல்லு மேல கெடக்கற உறைபனிய கையில அள்ளி காட்டி "மினி காஷ்மீராக மாறிய ஊட்டி, சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்"னு சொல்லுவாரு. வருசா வருசம் இதே வரி, ஆள் மட்டும் மாறுவாரு. பாவம் அவருக்கும் குளிரு, அவர் மேல எனக்கு கோவமே இல்ல. ஆனா அதே பனி ஒரு தேயிலை தோட்டத்துல விழுந்தா கொழுந்து கருகிரும், கருகுன செடி திரும்ப துளிர் விட வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் பறிக்கறவங்களுக்கு கூலி கெடையாது, ரெண்டு ஏக்கரா வச்சிருக்கறவருக்கு பேக்டரிக்கு அனுப்ப இலை கெடையாது. உங்க ரிப்போர்ட்டர் நிக்கற எடத்துல இருந்து ரோட்ட தாண்டினா அந்த தோட்டம், தாண்ட மாட்டேங்கறாரு, ஏன்னா நீங்க தாண்ட சொல்லல.

பச்சை தேயிலை விலைன்னு ஒன்னு இருக்குங்க. குன்னூர்ல நடக்கற ஏலத்த வச்சு டீ போர்டு மாசாமாசம் கிலோவுக்கு இவ்ளோன்னு ஒரு விலைய அறிவிக்கும். எங்க ஊர்ல பாதி வீட்டு அடுப்பு அந்த நம்பர் மேலதான் எரியுது, புள்ள காலேஜ் பீஸு, சீட்டு, எங்க கேபிள் காசு உட்பட. "அண்ணா இந்த மாசம் இலை காசு இன்னும் வரல, அடுத்த மாசம் சேத்து தரேன்"னு சொல்ற வீட்ட நான் கட் பண்றதில்ல, எங்க மொதலாளி திட்டுவாரு, திட்டட்டும். இந்த விலைக்காக 2023 செப்டம்பர்ல சிறு விவசாயிங்க தொடர் உண்ணாவிரதம் இருந்தாங்க, நான் பாத்த வரைக்கும் உங்க பக்கம் அது கீழ ஓடுன ஸ்க்ரோல்ல ஒரு வரி, அதுக்கு மேல முழு ஸ்க்ரீன்ல நாலு பேரு உக்காந்து யாரு யாரோட கூட்டணின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. தங்கம் விலை தெனம் சொல்றீங்க, சந்தோசம், வாங்குறவங்களுக்கு ஆவும், மாசத்துல ஒரே ஒரு நாள் இலை விலையும் சொன்னா என்ன கொறஞ்சிரும்?

பெருசா ஏதாச்சும் நடந்தா மட்டும் வேன் வேனா வர்றீங்க. 2017 ஏப்ரல்ல கொடநாடு எஸ்டேட்ல காவலாளி கொலையானப்போ எங்க ரோட்டுல டிஷ் வச்ச வண்டிய தவிர வேற வண்டி போக எடமில்ல. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழ கொட்டுச்சு, அப்ப ஒரு சேனல்ல கொடைக்கானல் ஏரிய போட்டு நீலகிரி வெள்ளம்னு ஓட்டுனத நானே பாத்தேன், எங்க கடையில நின்னுட்டு இருந்த எல்லாரும் சிரிச்சோம், சிரிக்கற நேரமா அதுன்னு அப்புறம் தோணுச்சு. 2021 டிசம்பர் 8 நஞ்சப்பசத்திரத்துல பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்தப்போ மொதல்ல ஓடுனது அந்த ஊர் ஜனங்க, வீட்டுல இருந்த கம்பளிய தூக்கிட்டு ஓடுனாங்க. அத காட்டுனீங்க, இல்லேங்கல. ஆனா கேட்ட கேள்வி பூரா சத்தம் எப்படி இருந்துச்சு, தீ எவ்ளோ உசரம்னுதான். அப்படி ஒன்ன கண்ணால பாத்த சனம் அதுக்கப்புறம் எப்படி தூங்குச்சுன்னு யாராச்சும் மைக் நீட்டி கேட்டீங்களா? நான் பாக்கல.

மலைக்கு வர்ற வண்டிங்க ஆன்லைன்ல எடுக்கற இ-பாஸும் அப்படித்தான். ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7-ல இருந்து வந்துச்சு, அப்புறம் 2025 ஏப்ரல்ல சாதா நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு கணக்கு வேற வச்சாங்க. நல்லதுதான், மே மாசம் நாங்க பால் வாங்க போயிட்டு வர்றதுக்குள்ள பால் தயிராயிரும், அவ்ளோ டிராபிக். ஆனா செய்தி பூரா டூரிஸ்டுக்குதான், எப்படி எடுக்கணும், எங்க எடுக்கணும்னு. சாவுக்கு கோயமுத்தூர்ல இருந்து வர்ற மாமா குஞ்சப்பனை செக்போஸ்ட்ல மாலையும் கையுமா நின்னுக்கிட்டு, டவர் கெடைக்காத போன்ல ஓடிபி வருமான்னு பாத்துக்கிட்டு இருக்காரு, இங்க பாடிய எடுக்க நேரமாச்சுன்னு பெருசுங்க கத்திக்கிட்டு இருக்கு. இது செய்தியும்தான், சினிமா சீனும்தான். எனக்கு ரெண்டும் தனித்தனியா தெரியல.

சரி, சீரியல் சினிமா பக்கம் வர்றேன், அதுக்குதான் இந்த மடலே.

உங்க கதையில ஊட்டின்னா மூணே விசயம். ஹனிமூன், பங்களா, பேய். ஹனிமூனுக்கு வர்ற பொண்ணு ஜார்ஜெட் சேலை, ஸ்லீவ்லெஸ் ஜாக்கெட்ல தொட்டபெட்டா உச்சியில நின்னு பாடுது, எங்கூரு பொண்ணுங்க கல்யாணத்துல பட்டு சேலைக்கு மேலயே ஸ்வெட்டர் போட்டு நிக்கறத நீங்க ஒரு தடவ கூட பாத்ததில்லையா? ஷாருக்கான் ரயில் கூரை மேல ஆடுன பாட்டு எங்க மலை ரயில்லதான் எடுத்தாங்க, 1998-ல, அதையே இன்னும் கைடுங்க சொல்லிக்கிட்டு இருக்காங்க. அந்த ரயிலு 1899-ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் வந்துச்சு, ஊட்டிக்கு ஏற 1908 ஆச்சு, நடுவுல பல் சக்கரம் கடிச்சு கடிச்சு ஏறும். மண்ணு சரிஞ்சா நின்னுரும். அந்த தண்டவாளத்துல விழற பாறைய தள்ற கேங்மேன் ஒருத்தர வச்சே ஒரு படம் எடுக்கலாம், பாட்டே வேணாம்.

அப்புறம் ஆஸ்பத்திரி சீன். ஐயோன்னு நெஞ்ச புடிச்சா கட், ஐசியூ வாசல்ல எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கறாங்க. எங்களுக்கு அந்த கட்டுக்கு நடுவுலதாங்க கதையே இருக்கு. ஊட்டியில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தொறந்தது 2025 ஏப்ரல்ல, அதுக்கு முன்னாடி கொஞ்சம் சீரியஸ்னாலே "கோயமுத்தூர் கொண்டு போயிருங்க"தான். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் எறங்கவே 33 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவு, மேகம் எறங்குனா முன்னாடி போற லாரியோட செவப்பு லைட்டு மட்டும்தான் தெரியும், நடு ரோட்டுல காட்டெருமை நின்னா ஆரன் அடிக்க முடியாது, அதுவா போற வரைக்கும் ஆம்புலன்ஸ் நிக்கும். உள்ள அம்மா படுத்திருக்கு, பக்கத்துல ரெண்டு வருசமா பேசாத அண்ணன் தம்பி உக்காந்திருக்கான். இப்ப சொல்லுங்க, இத விட்டுட்டு எதுக்கு ஐசியூ வாசலுக்கு தாவுறீங்க?

குடும்பம் பிரியறது உங்களுக்கு ரொம்ப புடிச்ச சப்ஜெக்ட், தெரியும். ஆக்ஸிடெண்ட் ஆகி மூஞ்சி மாறி, ஞாபகம் போயி, அக்காளும் தங்கச்சியும் ஒரே வீட்ல இருந்தும் தெரியாம. கஷ்டப்பட்டு யோசிக்கறீங்க. எங்க டேன்டீ, அதாவது கவர்மென்ட் தேயிலை தோட்டத்து லைன் வீட்டுக்கு வாங்க, அந்த பாட்டிங்க எல்லாம் உங்க சீரியல்தான் பாக்குறாங்க. 1964-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கை பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்து போட்டு, இலங்கை தேயிலை தோட்டத்துல இருந்த நம்ம தமிழ் சனத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர அப்புறம் பாத்துக்கலாம்னு ஆளுங்கள கணக்கு பிரிச்சாங்க. அந்த மீதிய 1974-ல ஆளுக்கு பாதின்னு பிரிச்சாங்க. அண்ணனுக்கு அங்க பிரஜாவுரிமை, தங்கச்சிக்கு இந்தியா பாஸ்போர்ட். தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அங்கருந்து ரயிலு, இங்க வந்து எறங்குனா அவங்களுக்காக 1968-ல ஆரம்பிச்ச டேன்டீ தோட்டத்துல மறுபடி அதே கூடை. இங்க "சிலோன்காரங்க"ன்னு கூப்டாங்க, அங்க "இந்தியாக்காரங்க"ன்னு கூப்டுருக்காங்க. நான் காசு வாங்க போற வீட்ல ஒரு பாட்டி, விளம்பரம் வர்றப்போ மட்டும் பேசும். "தம்பி, ஹட்டன்ல எங்கண்ணன் இருந்துச்சு, லெட்டர் போட்டுட்டு இருந்துச்சு, கலவரத்துக்கு அப்புறம் போடல." விளம்பரம் முடிஞ்சதும் திரும்ப உங்க சீரியலுக்கு போயிரும், அதுல காணாம போன அண்ணன் ப்ளாஸ்டிக் சர்ஜரி பண்ணிக்கிட்டு திரும்பி வந்திருப்பான், அந்த பாட்டி அத நம்பி கண்ண தொடச்சுக்கும். எனக்கு அப்ப உங்க மேல வர்ற கோவத்த எழுத்துல கொண்டு வர தெரியல, நானும் கத்துக்கிட்டுதான இருக்கேன்.

எழுத கத்துக்கறதும் நல்ல கூத்து. ஒரு பக்கம்னா ஒரு நிமிசம், சீன் தலைப்புல உள்ளேயா வெளியேயா, பகலா இரவான்னு போடணும், வீடியோ பாத்துதான் கத்துக்கிட்டேன். உள்ள வெளிய சரி. பகல் இரவுல மாட்டிக்கிட்டேன், இங்க மூணு மணிக்கே மேகம் மூடி பஸ்ஸு ஹெட்லைட் போட்டுட்டு வரும், அது பகலா இரவா? நான் "மேகம்"னே போட்டுட்டேன். சென்னையில சினிமா கதை டிஸ்கஷனுக்கு போற ஒரு தெரிஞ்சவர் மூலமா ஒருத்தர்கிட்ட கதைய போன்ல சொன்னேன், பாதி கேட்டுட்டு "தம்பி, லொகேஷன் சூப்பர், ஆனா கான்ஃப்ளிக்ட் பத்தல, பங்களாவுல ஒரு ஆவி வைங்க, ஓடிடில போயிரும்"ன்னாரு. விலை கெடைக்காம இலைய பறிச்சு ரோட்டுல கொட்டுற விவசாயிகிட்ட கான்ஃப்ளிக்ட் பத்தலையாம்! எங்கூர்ல அத்தன பங்களாவுக்கும் வாட்ச்மேன் இருக்காரு, அவரு ஒருத்தரும் பேய பாத்ததில்ல, கரடிய பாத்திருக்காரு.

சினிமாவுக்கு எங்க மலை குடுத்தது லொகேஷன் மட்டும் இல்லீங்க. ஊட்டி இந்து நகர்ல 1960-ல தொடங்குன இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியில பிலிமே செஞ்சாங்க, கருப்பு வெள்ளை பிலிமு, எக்ஸ்ரே பிலிமு. வெளிச்சம் பட்டா கெட்டுரும்னு இருட்டுலயே நின்னு வேல பாத்த மனுசங்க இன்னும் இங்க இருக்காங்க, கம்பெனிதான் இல்ல, டிஜிட்டல் வந்து எல்லாம் போச்சு. படம் புடிக்கற பிலிம இருட்டுல செஞ்சவரு வாழ்க்கைய யாரும் படம் புடிக்கல. இத நான் எழுதிட்டு இருக்கேன், அதனால இதுக்கு மேல சொல்ல மாட்டேன், நீங்க கேட்டுட்டு டிஸ்கஷன்ல வச்சுருவீங்க.

கேக்கறது ரொம்ப இல்லீங்க. கதை பேசுற ரூம்ல மலையில பொறந்து வளந்த ஒரு ஆள உக்கார வைங்க, நானா இருக்கணும்னு இல்ல, எங்க ஊர் படுகர் வீட்டு பொண்ணுங்க என்ன விட நல்லா எழுதுவாங்க. ரிப்போர்ட்டர் பனிய காட்ட வந்தா ரோட்ட தாண்டி அந்த மாச இலை விலையையும் கேட்டு சொல்லட்டும். படுக பாஷை பேசுற ஒரு பெரியவர் வந்தா அவர திக்கி திக்கி தமிழ் பேச வைக்காம அவர் பாஷையிலயே பேச விட்டு கீழ தமிழ்ல எழுத்து போடுங்க, கொரியன் சீரியலுக்கு போடறீங்க இல்ல?

என் ஸ்கிரிப்ட் பிடிஎஃப்பா இருக்கு, எழுத்தாளர் சங்கத்துல பதிவு பண்ணிட்டுதான் யாருக்கும் தருவேன். பங்களா ஒன்னு இருக்கு அதுல, ஆனா உள்ள பேய் இல்ல, வாடகை பாக்கி வச்ச ஒரு ரிட்டயர்டு தாசில்தார்தான் இருக்காரு.