கோவா (முட்டைக்கோஸ்) வாடினால் யாரிடம் கேட்பது? அட்மின்மாருக்கும் மூத்த தோட்டக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இலங்கை மலைநாட்டில் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்களை ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஒருத்தனாக எழுதுகிறேன்.

"கோவா வாடுது. என்னா மருந்து அடிக்கலாம்?" இருபது வருஷமாகக் கோவா போடும் ஒரு மாமா இரவு எட்டு மணிக்குக் கேட்டார். கூடவே டோர்ச் வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு படம். முந்தின வாரம் இதே மாதிரிக் கேட்ட பொடியனை, "ஒழுங்கா கேக்கத் தெரியாதா தம்பி" என்று ஏசியவர்கள் மாமாவிடம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அவர் பார்க்காமலா கேட்பார் என்ற எண்ணம். நானும் ஒரு பங்கசு மருந்தின் பெயரைப் போட்டேன். அவர் இரண்டு தடவை அடித்தார்.

வெயிலில் தொங்குகிற இலை பொழுதுசாய நிமிர்ந்துவிடுகிறது என்பதைப் பத்தாம் நாள்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சி மாதிரி முண்டு முண்டாக வீங்கியிருந்தது. அதற்குப் பிறகு இலைக்கு எதை அடித்து என்ன? புளிப்பு மண்ணில் பெருகுகிற நோய் அது. அந்தப் புளிப்பைக் குறைக்க நடுவதற்கு முன்பே டொலமைட்டோ சுண்ணாம்போ போட்டிருக்க வேண்டும். கிருமி பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும். முள்ளங்கியும் நோக்கோலும் கோவாவின் சொந்தம்தான், மாற்றிப் போட்டாலும் தப்பாது. மண்வெட்டியில் ஒட்டிய மண்ணே அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும். அந்தப் பத்து நாளும் மாமா அதே மண்வெட்டியோடு கீழ்ப் பாத்திக்கும் போய்வந்திருக்கிறார்.

அவருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. பாத்தி முழுக்க அவர் கண்முன்னால் இருக்கிறது, எங்களுக்கும் தெரிகிற மாதிரி நினைத்துவிட்டார். புதுசாய் வந்தவன் பயத்தில் நட்ட தேதி, உரம், மழை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறான். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற போன் இலக்கத்துக்குப் பேசினால் படம் காட்ட முடியாது, வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். அதே மாதிரி இங்கேயும் சொல்லுங்களேன், மூத்தவர்களே. உங்களைப் பார்த்துத்தான் பொடியன்மார் கேட்கப் பழகுகிறார்கள்.

அட்மின்மாரே, ஆள் பார்த்து எந்தக் கேள்வியையும் அப்படியே விடாதீர்கள். பெரியவர் என்றால் குழுவில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். தனியாகப் போன் எடுத்துக் கேளுங்கள். விபரம் வரும்வரை யாரும் மருந்துப் பெயர் போடக்கூடாது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பொடியன்மாரை ஏசுவதையும் நிறுத்துங்கள்.

நேற்று இரவு ஒரு பெரியவர் உருளைக்கிழங்கு இலையில் கறுப்புத் திட்டு விழுந்த படம் மட்டும் போட்டிருக்கிறார். அங்கமாரி என்கிற கருகல் நோய் என்றால் இந்த மூடுபனிக்குச் சில நாளிலேயே பாத்தி கருகிவிடும், அவர் அவசரம் எனக்கும் புரிகிறது. விடியற்காலையில் இலையைத் திருப்பி, அடியில் வெள்ளைப் பூஞ்சு இருக்கிறதா பார்த்துச் சொல்லச் சொல்லி அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதற்குள் குழுவில் ஏழு மருந்தின் பெயர் வந்துவிட்டது. அவர் கடைக்குப் போவதற்கு முன் அவற்றை அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இராகலையிலிருந்து ஒரு தோட்டக்காரன்