வேலை கொடுத்து அனுப்பிய ஊருக்கு நன்றி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

தங்கச்சிமடம், பாம்பன், ராமேஸ்வரம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் என் சொந்தங்களுக்கும் பங்கு மக்களுக்கும் வணக்கம்.

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்குள் இருக்கும் உக்கெரேவே தீவிலிருந்து எழுதுகிறேன். கிளம்பும் அவசரத்தில் பாதிப் பேரிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவராக போன் செய்தால் யாராவது விட்டுப்போவார்கள். அதனால் எல்லாருக்கும் பொதுவாக இந்த மடல்.

எதற்கு நன்றி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் மறைப்பணி செய்கிற, குருவாவதற்கு முந்தைய படியில் இருக்கிற திருத்தொண்டர் வந்திருக்கிறார் என்று சால்வை போட்டு, விருந்து வைத்து, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, வேலை கொடுத்தீர்கள். பயணக் களைப்பு தீரும் முன்பே, "பிரதர், சாயங்காலம் ஞானஸ்நானம் இருக்கு, நீங்களே கொடுத்திடுங்க" என்றார் பங்குத்தந்தை. அந்த ஒரு வார்த்தையில் நான் விருந்தாளி இல்லை, இந்த ஊர்ப் பிள்ளைதான் என்று ஆகிவிட்டது. தந்தையே, அதற்கு உங்களுக்கு என் முதல் நன்றி.

திருத்தொண்டர் ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணம் நடத்தி வைக்கலாம், மறையுரை ஆற்றலாம், அடக்கம் செய்யலாம். பூசை வைக்கவோ, பாவசங்கீர்த்தனம் எனும் பாவ அறிக்கையைக் கேட்கவோ, நோயில் பூசுதல் கொடுக்கவோ முடியாது. இது நம் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. உடம்புக்கு முடியாமல் கிடந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, பாவசங்கீர்த்தனம் கேளுங்க" என்றார். நான் இன்னும் குருவாகவில்லை பாட்டி என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு தம்பி யாரும் சொல்லாமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய், பங்குத்தந்தையைக் கூட்டி வந்தான். அப்போது இரவு வெகு நேரமாகியிருந்தது. பாட்டி இப்போது எழுந்து உட்கார்கிறார், கஞ்சி குடிக்கிறார் என்று அக்கா போனில் சொன்னாள். தம்பி, உன்னை நான் மறக்க மாட்டேன்.

நான் வந்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஆண்கள் எல்லாரும் கரையில்தான் இருந்தார்கள். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை சரிபார்ப்பது என்று பகலெல்லாம் வேலை. ஆனால் சாயங்காலம் ஜெபமாலைக்கு அவர்கள் வந்து நின்றதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். மே மாதம் மாதாவின் வணக்க மாதம் என்பதால் தினமும் ஒரு அன்பியம் (பங்கின் சில வீடுகள் சேர்ந்த சிறு குழு), ஒரு வீடு. மாதா சுரூபத்தை அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். நாற்காலி போட்டவர்கள், மைக் செட்டைச் சுமந்த பையன்கள், எந்த வீட்டில் எப்போது என்று எனக்குத் தினமும் நினைவூட்டிய அன்பியப் பொறுப்பாளர்கள், சுண்டல் அவித்த கைகள் எல்லாருக்கும் நன்றி.

அதில் ஒரு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் இலங்கைச் சிறையில் இருக்கிறார். அந்த அக்கா வாசலில் சாணம் தெளித்து, கோலம் போட்டு, மாதாவுக்கு மல்லிகைச் சரம் கட்டி வைத்திருந்தார். ஜெபம் முடிந்ததும், உங்கள் வீட்டுக்காரருக்காகத் தனியாக ஜெபிக்கவா என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் மத்தவங்களோட சேர்ந்து வந்துருவார் பிரதர். படகு ஓட்டுன அண்ணனுக்குத்தான் தண்டனை கூடுதலா விழும். அவருக்கு ஜெபிங்க, அவர் பொண்ணு பன்னிரண்டாவது எழுதியிருக்கா" என்றார். அன்று அங்கே நான் தயாரித்துக்கொண்டு போன மறையுரையைச் சொல்லவில்லை. அக்கா, நீங்கள் சொன்னதையே இங்கே ஏரிக்கரைக் கோயிலில் சுவாஹிலியில் சொன்னேன். அந்த மாலுமிக்காக இந்த ஊர்ப் பெண்களும் ஜெபிக்கிறார்கள்.

அடக்கம் ஒன்றும் நடத்தினேன். பங்குத்தந்தை குருக்கள் தியானத்துக்குப் போயிருந்த நாளில், எனக்குச் சின்ன வயதில் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த தாத்தா இறந்துபோனார். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அண்ணன் இல்லாவிட்டால் அன்று என் கையும் காலும் ஓடியிருக்காது. தூபக்கலசத்தில் கங்கு அணையாமல் பார்த்துக்கொண்டார், தீர்த்தச் செம்பைச் சரியான நேரத்தில் நீட்டினார். அழுகை முட்டி நான் ஒரு கணம் நிறுத்தியபோது, பின்னாலிருந்து அவரே பாட்டை எடுத்துப் பாடினார். கல்லறைக்குத் திரும்பும் முனையில், கூட வேலை பார்த்தவர்கள் பெட்டியைக் கடல் பக்கமாகத் திருப்பிச் சற்று நேரம் நிறுத்தினார்கள். சடங்குப் புத்தகத்தில் இல்லாத ஒன்று. அந்த நேரத்தில் என்ன ஜெபம் சொல்வது என்று நான் யோசிக்கும் முன்பே அந்தத் தாத்தா வீட்டுப் பாட்டியின் ஒப்பாரி எழுந்தது. அதுதான் ஜெபம் என்று பேசாமல் நின்றேன். சுமந்தவர்களுக்கும் குழி வெட்டியவர்களுக்கும் என் வணக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு அழைத்த அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி. பிள்ளைகள் என்னை விடவே இல்லை. விக்டோரியா ஏரி கிட்டத்தட்ட இலங்கைத் தீவு அளவுக்குப் பெரியது என்றதும் வகுப்பே கத்தியது. உப்பில்லாத கடலா என்றான் ஒருவன். சுறா இருக்கா என்றாள் ஒரு சிறுமி. சுறா இல்லை, முதலையும் நீர்யானையும் உண்டு என்றேன். நெத்திலி போல ஒரு சின்ன மீனை இங்கே டகா என்பார்கள். நிலா இல்லாத இரவில் விளக்கைத் தண்ணீருக்கு மேல் காட்டிப் பிடிப்பார்கள். காலையில் பெண்கள் கரையில் விரித்துக் காயவைப்பார்கள். கருவாடு காயப்போடும் வீட்டில் பிறந்த எனக்கு இந்த மக்களிடம் பேச்சை ஆரம்பிக்க வேறு எதுவும் தேவைப்படவில்லை. காற்று எப்போது திரும்பும், எந்த மேகத்துக்குப் பயப்பட வேண்டும் என்று அவர்கள் பேசும்போது நம் ஊர்ப் பேச்சாகவே கேட்கும். குரு சில வாரங்களுக்கு ஒருமுறைதான் வர முடிகிற கிளைக்கோயில்களில் ஞாயிறு வழிபாட்டை நான் நடத்துகிறேன், நற்கருணை கொடுக்கிறேன். காணிக்கை நேரத்தில் முட்டையும் வாழைத்தாரும் சில நாள் உயிர்க்கோழியும் பீடத்துக்கு வரும்.

அப்படி ஒரு கிளைக்கோயிலுக்குக் கூரை போட வேண்டும் என்று ஒரு மறையுரையில் சொன்னேன். இனி வருவது கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு.

நீங்கள் மறுநாள் வீட்டுக்கு வந்தீர்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்துப் பறித்து நகம் தேய்ந்த விரல்கள். பாறையில் அறுபடாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு முங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். துணி சுற்றியும் அறுபடும் என்பது உங்கள் கையைப் பார்த்தபோது தெரிந்தது. முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருக்கோம், அந்தப் பிள்ளைக மழையில நனையாம இருக்கட்டும் என்றீர்கள். வருமானம் இல்லாத தடைக்கால மாதத்தில் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணம் அது. வாங்கத் தயங்கினேன், நீங்கள் விடவில்லை. அந்தப் பணமும் மற்றவர்கள் கொடுத்ததும் எங்கள் சபைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ரசீதின் நகலைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தகரம் வாங்கியதும் படம் அனுப்புகிறேன்.

புனித அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. வேன் ஓட்டி வந்த பாம்பன் பாய் டீசல் காசு தவிர எதுவும் வாங்கவில்லை. அம்மாவால் நடக்க முடியாத இடத்தில் அவரே கைபிடித்துக் கூட்டிப்போனார். லிஸ்பனில் பெரிய இடத்தில் பிறந்த ஒருவர் நம் மண்ணுக்கு வந்து, தமிழ் படித்து, காவி உடுத்து, அருளானந்தர் என்று பெயர் சூடி, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே தலை கொடுத்தார். முந்தின நாள் கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடிதம் எழுதினார் என்று சின்ன வயதில் மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். இப்போது அயல்நாட்டு மொழி ஒன்றில் திக்கித் திக்கி மறையுரை ஆற்றுகிறவனாக அந்தச் செம்மண்ணில் முழந்தாளிட்டபோது அவர் மேல் எனக்கு வந்த பாசம் வேறு. பாய், உங்கள் வீட்டிலிருந்து வந்த பிரியாணிக்கும் சேர்த்து நன்றி. உங்கள் மகளின் கல்யாணத்துக்கு என் ஜெபம் உண்டு.

அப்புறம், ஒரே ராத்திரியில் என் அங்கியைத் தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணனுக்கு நன்றி. பாடற்குழுப் பிள்ளைகளுக்கும் பீடச்சிறுவர்களுக்கும், மே 31ஆம் தேதி சப்பரம் தூக்கிய இளைஞர்களுக்கும் நன்றி. மதுரை விமான நிலையம் வரை வந்து, பெட்டி எடை கூடியதும் கருவாட்டுப் பொட்டலங்களை எடுத்துவிட்டு என் புத்தகங்களை உள்ளே வைத்த மச்சானுக்கும் நன்றி. அம்மாவுக்கு இதில் எழுத மாட்டேன், தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

மண்டபத்திலும் தொண்டியிலும் மூக்கையூரிலும் அழைத்த நண்பர்களுக்கு: வர முடியவில்லை. அடுத்த முறை உங்கள் ஊர்களில் இருந்துதான் தொடங்குவேன். தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் நாளில் நான் இருக்க முடியாமல் போனது பெரிய குறைதான். மீன்பாடு எப்படி என்று யாராவது ஒரு வரி எழுதுங்கள், இறால் கிடைக்கிறதா என்றும் சொல்லுங்கள். குருப்பட்டத்துக்கு நாள் குறித்ததும் பங்குத்தந்தை வழியாகத் தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை,
திருத்தொண்டர்