அம்மணிக்கு: விண்டோஸ் 11 போடலாமா, வேண்டாமா

அம்மணி,

கணக்கு சிஸ்டத்துல விண்டோஸ் 11 தயாரா இருக்குதுன்னு வந்துட்டே இருக்குது, அமுக்கிரட்டுமான்னு கேட்டிருந்தே. இன்னைக்கு அமுக்காதே கண்ணு. உங்க யூனிட்ல இருக்கற மூணு சிஸ்டத்துக்கும் பதில் வேற வேற. கணக்குப் பார்க்கறதுக்குப் போடணும், ஆனா நாள் பார்த்துப் போடணும். எம்பிராய்டரி டிசைன் போடறதுல போடக் கூடாது. குடோன்ல எடை மிஷினோட இருக்கறதுக்கு முதல்ல ஒரு வயரை மாத்தணும், அப்பறம் பார்க்கலாம். மாப்பிள்ளைகிட்டயும் இதைப் படிக்கக் குடு.

விண்டோஸ் 10-லயே இருந்துட்டா என்னன்னு அவர் கேட்கறது நியாயந்தான். சிஸ்டம் ஓடும், நின்னுறாது. ஆனா 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட அதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வழக்கமா வர்றது முடிஞ்சு போச்சு. ஆபிஸ் 2016, 2019 ரெண்டுக்கும் அதே தேதிதான். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிப்புன்னு அறிவிச்சாங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸை சிங்க் பண்ணினா இலவசம், இல்லாட்டி 30 டாலர். கம்பெனிக்குன்னு வாங்கினா ஒரு சிஸ்டத்துக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் ரெட்டிப்பு ஆயிட்டே போகும். பேங்க் லாகினும் ஜிஎஸ்டி லாகினும் இருக்கற சிஸ்டம் திருத்தம் இல்லாம நெட்ல நிக்கவே கூடாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கணக்கு சிஸ்டத்துக்குப் போடணும்ங்கறேன். புதுசா இருக்குது, அழகா இருக்குதுங்கறதுக்காக எந்த சிஸ்டத்துலயும் போட வேண்டியதில்லை.

எது தாங்கும்னு பார்க்கறது சுளுவு. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட்னு போனா ப்ராசசர் பேர் இருக்கும். ஐ5-8500-ன்னு இருந்தா கோட்டுக்கு அப்பறம் வர்ற 8 தான் தலைமுறை. அஞ்சு எழுத்தா ஐ5-10400-ன்னு இருந்தா முதல் ரெண்டு எழுத்து, அதாவது பத்தாவது தலைமுறை. இன்டெல்ல எட்டாவதுல இருந்துதான் ஏத்துக்கும், ஏஎம்டின்னா ரைசன் 2000 வரிசையில இருந்து. டிசைன் சிஸ்டம் ஐ5-6500. ராமைக் கூட்டினாலும் எஸ்எஸ்டி போட்டாலும் அதுக்குத் தகுதி வராது. செகண்ட் ஹேண்ட் கடைக்காரங்க இதைச் சொல்லாம வித்துருவாங்க, அடுத்த தடவை நம்பரைப் பார்த்துட்டு வாங்கு. 4 ஜிபி ராம் போதும்னு எழுதியிருப்பாங்க. கணக்கு எழுதற டேலியும் குரோமும் ஒண்ணா ஓடணும்னா 8 ஜிபி இல்லாம முடியாது. ஹார்ட் டிஸ்க்ல மட்டும் ஓட்டற சிஸ்டத்துல விண்டோஸ் 11 போடறது வீண் வேலை.

கணக்கு சிஸ்டத்துல இன்னும் ரெண்டு விஷயம் பார்க்கணும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, டிபிஎம் டாட் எம்எஸ்சின்னு (tpm.msc) டைப் பண்ணு. டிபிஎம்ங்கறது பாதுகாப்புச் சாவிகளை வெச்சுக்கற சிப். 2.0-ன்னு காட்டினா சரி. டிபிஎம் இல்லைன்னு வந்தா பதறாதே. எட்டாவது தலைமுறை போர்டுல அது உள்ளேயே இருக்குது, சிஸ்டம் ஆன் ஆகறப்ப முதல்ல ஓடற பயாஸ் செட்டிங்ல பிடிடின்னு ஒரு வரி அணைச்சு வெச்சிருக்கும், ஆன் பண்ணணும். ரைசன்னா அதுக்குப் பேர் எஃப்டிபிஎம்.

ரெண்டாவதுலதான் நெறைய சிஸ்டம் படுத்துக்கும். நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் பண்ண விடற செக்யூர் பூட்டையும் விண்டோஸ் 11 கேட்கும். அது வேணும்னா பயாஸ் யூஇஎஃப்ஐங்கற புது முறையில இருக்கணும். ஆனா சர்வீஸ்காரங்க விண்டோஸ் 10-ஐப் பழைய லெகசி முறையில போட்டிருந்தா டிஸ்க் எம்பிஆர்ங்கற பழைய வடிவத்துல இருக்கும். அது தெரியாம பயாஸ்ல மட்டும் யூஇஎஃப்ஐ-ன்னு மாத்தினா அடுத்த தடவை ஆன் பண்ணறப்ப பூட் டிவைஸ் இல்லைன்னு கறுப்புத் திரைதான் வரும். டேட்டா எங்கயும் போகலை, பழையபடி லெகசிக்கு மாத்தினா வந்துரும். டிஸ்க்கை ஜிபிடிங்கற புது வடிவத்துக்கு முறையா மாத்தறதுக்கு விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு கருவி இருக்குது. முதல்ல வேலிடேட் பண்ணிப் பார்க்கணும், அது சரின்னா மட்டும் கன்வெர்ட் பண்ணணும், அதுக்கு அப்பறந்தான் பயாஸைத் தொடணும். இந்த வரிசை மாறக் கூடாது. வேலிடேட்லயே தோத்துப் போனா காரணம் பெரும்பாலும் பார்ட்டிஷன்தான். டிஸ்க்ல மூணு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல இருந்தா அது மாத்தாது. நம்ம பக்கம் எல்லாரும் சி, டி, ஈ-ன்னு வெட்டிக் குடுப்பாங்க, கூட சிஸ்டம் ரிசர்வ்டு ஒண்ணு கண்ணுக்குத் தெரியாம இருக்கும், மொத்தம் நாலு ஆயிரும். ஈ-ல இருக்கறதை வெளி டிஸ்க்குக்கு எடுத்துட்டு அந்தப் பார்ட்டிஷனை அழிச்சா வேலை நடக்கும்.

அதுக்கெல்லாம் முன்னாடி பேக்கப். இதுல ஒரு படியும் குறைக்காதே சாமி. ஒரு டிபி வெளி டிஸ்க் ஒண்ணு வாங்கி, சி டிரைவ் இருக்கற டிஸ்க் மொத்தத்தையும் அப்படியே இமேஜா எடு. ரெஸ்கியூசில்லா இலவசம், பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணி எடுக்கலாம். அப்டேட் எவ்வளவு கெட்டுப் போனாலும் இந்த இமேஜ் இருந்தா சனிக்கிழமை பொழுதோட இருந்த நிலைமைக்கே திரும்பிரலாம். இமேஜ் இருந்தாலும் டேலியைத் தனியா எடுக்கணும். டேலி பிரைம்ல ஆல்ட், ஒய் அமுக்கி பேக்கப் குடு. அது போக டேட்டா ஃபோல்டர்ல நம்பர் பேரோட இருக்கற கம்பெனி ஃபோல்டர்களையும் டேலியை மூடிட்டு அப்படியே காப்பி பண்ணு. எடுத்ததை வேற சிஸ்டத்துல ரெஸ்டோர் பண்ணி, ஒரு லெட்ஜரைத் திறந்து கடைசி பேலன்ஸ் சரியா இருக்குதான்னு பார். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்புன்னு ஒத்துக்க மாட்டேன்.

டேலி.நெட் ஐடியும் பாஸ்வேர்டும் கையில இருக்கோணும். அப்டேட்டுக்கு அப்பறம் சில சிஸ்டத்துல டேலி எஜுகேஷனல் மோடுக்குப் போயிரும். லைசென்ஸைத் திரும்ப ஆக்டிவேட் பண்ண அந்த ஐடி இல்லாட்டி திங்கக்கிழமை பில் போட முடியாது. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்குதான்னும் பாரு. டிஸ்க்கைப் பூட்டி வெக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா அதோட 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்துல எழுதி பீரோவுல வெய்யி, அப்டேட் முடியற வரைக்கும் பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணி வெய்யி. பயாஸ்ல கை வெச்சதும் அது அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லைன்னா உள்ளே இருக்கறது எதுவும் கிடைக்காது, யாராலயும் திறக்க முடியாது.

பழைய டெலிவரி சலானும் கூலிச் சீட்டும் பாமினி ஃபான்ட்ல அடிச்சிருக்கீங்க. மேலேயே அப்டேட் பண்ணினா நீங்க போட்ட ஃபான்ட் இருக்கும். அழிச்சுட்டுப் புதுசாப் போட்டா போயிரும், சலான் பூராவும் இங்கிலீஷ் எழுத்தாக் குழம்பி நிக்கும். அதனால விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்து தமிழ் ஃபான்ட்களைத் தனியா எடுத்து வெய்யி. லதா ஃபான்ட் காணோம்னா அது செட்டிங்ஸ்ல ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ்ங்கற பேர்ல இருக்குது, சேர்த்துக்கலாம்.

டிஜிட்டல் கையெழுத்துப் போடற டிஎஸ்சி டோக்கனுக்கு ஒண்ணும் ஆகாது, சாவி அந்த யுஎஸ்பிக்குள்ளேயே இருக்குது. டிரைவரும், கையெழுத்துக்கான எம்சைனர் சாஃப்ட்வேரும் மட்டும் திரும்பப் போட வேண்டி வரலாம். டோக்கன் தெரியலைங்கறதுக்காகப் பின் நம்பரைத் திரும்பத் திரும்பத் தப்பா அடிச்சுராதீங்க, லாக் ஆயிரும்.

நாள் எதுன்னா, முதல்ல கடைசித் தேதிகளைப் பாரு: மாசம் 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், ஈஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. மூணு மாசத்துக்கு ஒருக்கா கட்டறவங்களுக்கு நம்ம மாநிலத்துல 22. அதுக்கு அப்பறம் வர்ற சனிக்கிழமை சம்பளம் குடுத்து முடிச்சதும் இமேஜ் எடுக்க ஆரம்பி. ராத்திரி அது ஓடட்டும், ஞாயித்துக்கிழமை வெள்ளெனவே அப்டேட். உங்க ஃபீடருக்கு அன்னைக்குப் பராமரிப்பு மின்தடை இருக்குதான்னு முன்னாடியே பார்த்துக்க. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷங்கூடத் தாங்கலைன்னா பேட்டரியை மாத்திட்டு ஆரம்பி. நடுவுல நாலஞ்சு தடவை தானா ரீஸ்டார்ட் ஆகும், சதவீதம் ஒரே எடத்துல ரொம்ப நேரம் நிக்கும். நிக்குதேன்னு பவர் பட்டனை அமுக்கறதுலதான் நெறையப் பேர் கெடுத்துக்கறாங்க. அதுவரைக்கும் யாராவது தெரியாம அமுக்கிராம இருக்க விண்டோஸ் அப்டேட்ல 35 நாள் வரைக்கும் பாஸ் பண்ணி வெய்யி.

விண்டோஸ் 11 சிஸ்டத்துலயே தானா வந்திருக்குதுன்னா அந்த மாடலுக்கு மைக்ரோசாஃப்ட் தடை எதுவும் போடலைன்னு எடுத்துக்கலாம். தகுதி இருந்தும் வராம இருந்தா ஏதோ ஒரு டிரைவருக்காக நிறுத்தி வெச்சிருப்பாங்க, அப்ப ஐஎஸ்ஓங்கற முழு விண்டோஸ் ஃபைலை இறக்கி வலுக்கட்டாயமாப் போடக் கூடாது. டவுன்லோட் அடிக்கடி அறுந்து ஐஎஸ்ஓதான் வழின்னு ஆனா, மொழியைப் பார்த்து இறக்கு. இப்ப இருக்கறது இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸா, இங்கிலீஷ் இன்டர்நேஷனலான்னு தெரிஞ்சு அதையே எடுக்கணும். மாறிப் போனா ஃபைலையும் புரோகிராமையும் வெச்சுக்கங்கற வாய்ப்பு மங்கலாப் போயிரும், அமுக்க முடியாது. அப்படி வந்தா அங்கயே நிறுத்திரு. சி டிரைவ்ல 30 ஜிபியாவது காலியா வெய்யி, பிரிண்டர், டோக்கன், பென் டிரைவ் எல்லாத்தையும் கழட்டிரு.

முடிஞ்சதும் முதல்ல ஒன்டிரைவைப் பாரு. டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் பேக்கப் பண்ணட்டுமான்னு கேட்கும், வேண்டாம்னு சொல்லு. இலவசமா இருக்கறது 5 ஜிபி, உங்க ஸ்டைல் போட்டோவுக்கே பத்தாது. நிறைஞ்சதும் சிங்க் நின்னுக்கும், ஃபைல் எங்க இருக்குதுன்னே புரியாது. அப்பறம் டேலியைத் திறந்து ஒரு பில், டாட் மேட்ரிக்ஸ்ல ஒரு பிரிண்ட், ஒரு இ-வே பில், டிஎஸ்சியில ஒரு கையெழுத்து. இந்த நாலும் ஞாயித்துக்கிழமையே நடந்துறணும். ஒண்ணு நடக்கலைன்னாலும் செட்டிங்ஸ்ல ரெகவரி பகுதியில கோ பேக் இருக்குது, பத்து நாளைக்குள்ள பழைய விண்டோஸுக்கே போயிரலாம். அந்தப் பத்து நாளும் டிஸ்க் க்ளீனப் யாரும் ஓட்டக் கூடாது. விண்டோஸ் டாட் ஓல்டுங்கற ஃபோல்டர் அழிஞ்சா திரும்பற வழியும் போச்சு.

இன்னொண்ணும் கண்டிப்பா வரும். கணக்கு சிஸ்டத்துல இருந்து குடோன் சிஸ்டத்தோட ஷேர் ஃபோல்டரைப் பாஸ்வேர்ட் இல்லாமத் திறந்து எடைக் கணக்கை எடுக்கறீங்க. விண்டோஸ் 11-ல 24எச்2ங்கற வெர்ஷன்ல இருந்து ப்ரோ பதிப்பு அப்படி கெஸ்ட்டா நுழையறதை விடாது, பாதுகாப்புக் கொள்கை தடுக்குதுன்னு சொல்லும். இணையத்துல அந்தப் பாதுகாப்பையே அணைக்கச் சொல்லுவாங்க, கேட்காதே. குடோன் சிஸ்டத்துல பாஸ்வேர்டோட ஒரு யூசரை உண்டாக்கி, ஃபோல்டருக்கு அந்தப் பேர்ல அனுமதி குடுத்து, கணக்கு சிஸ்டத்துல கிரெடென்ஷியல் மேனேஜர்ல அதைச் சேமிச்சுட்டாச் சரியாப் போச்சு.

குடோன் சிஸ்டத்துக்கு வர்றேன். எடை மிஷின்ல இருந்து வர்ற சீரியல் வயர் யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாத்தான் போகுது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ்னு இருக்கறதை விரிச்சுப் பாரு. ப்ரோலிஃபிக் பிஎல்2303-ன்னு இருந்தா கவனம். அந்தச் சிப்போட பழைய வகைகளுக்குப் புது டிரைவர் வேலை செய்யாது. விண்டோஸ் 11 போட்டதும் மஞ்சள் முக்கோணம் விழும், சிப்போட பேருக்குப் பக்கத்துலயே விண்டோஸ் 11-ஐ ஆதரிக்காது, விற்பனையாளரைக் கேளுங்கன்னு எழுதியிருக்கும். எடை வராது. எஃப்டிடிஐ சிப் போட்ட கன்வெர்ட்டரா வாங்கி, இப்ப இருக்கற விண்டோஸ் 10-லயே மாட்டி, காம் போர்ட் நம்பர் பழையதோட ஒத்து இருக்கற மாதிரி மாத்தி, ஒரு வாரம் ஓட்டிப் பாரு. எடை தப்பாம வந்தா அடுத்த மாசம் அதுக்கும் அப்டேட் போடலாம்.

டிசைன் சிஸ்டத்தை அப்படியே விட்டுரு. ரூஃபஸ்ங்கற கருவியை வெச்சுத் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போடலாம்னு சிஸ்டம் பார்க்க வர்ற தம்பி சொல்லுவான், போடவும் முடியும். ஆனா அப்படிப் போட்ட சிஸ்டத்துக்குத் திருத்தம் வரும்னு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு ஏத்துக்கறதில்லை, வருஷா வருஷம் பெரிய அப்டேட் தானா வராது. அதுக்கும் மேல டிசைன் சாஃப்ட்வேர் டாங்கிளோட, அதாவது லைசென்ஸுக்கான யுஎஸ்பி சாவியோட ஓடுது. டாங்கிளோட பழைய ஹாஸ்ப் டிரைவருக்கும் புது விண்டோஸுக்கும் ஒத்துப் போகாது, அதோட புது டிரைவரான சென்டினல் ரன்டைம் போட்டாலும் உங்க பழைய பதிப்பு ஏத்துக்கும்னு உறுதி கிடையாது. அந்த சிஸ்டத்துக்கு நெட் எதுக்கு? லேன் வயரைக் கழட்டிரு. வாட்ஸ்அப்புல வர்ற டிசைனைக் கணக்கு சிஸ்டத்துல இறக்கி, ஸ்கேன் பண்ணி, பென் டிரைவ்ல குடுங்க. எம்பிராய்டரி டிசைனோட டிஎஸ்டி ஃபைல் மிஷினுக்குப் போறது எப்படியும் பென் டிரைவ்லதான். அதுக்கும் ஒரு இமேஜ் எடுத்து வெச்சுட்டா டிஸ்க் போனாலும் அன்னைக்கே திரும்பக் கொண்டாந்துரலாம்.

கன்வெர்ட்டர் வாங்கப் போறதுக்கு முன்னாடி டிவைஸ் மேனேஜர் திரையையும், கணக்கு சிஸ்டத்துல டிஸ்க் மேனேஜ்மெண்ட் திரையையும் போட்டோ எடுத்து அனுப்பு. பார்ட்டிஷன் எத்தனை இருக்குதுன்னு பார்த்துட்டு, எதை அழிக்கலாம்னு சொல்றேன்.

அன்புடன்,
அம்மா
கோபி